ஈயம் பட்ட பொன்

என்னை வாழை மரத்துக்குக் கட்டிக்கொடுக்கச் சம்மதித்துவிட்டு வந்த என் அப்பா, செருப்பைக்கூடக் கழற்றாமல் நடையில் உட்கார்ந்தார். 1963, வைகாசி மாதம், ஒரு திங்கட்கிழமை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. கடலூர் முதுநகரில் ஓர் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்கிற பிள்ளையைக்கூட, எந்த இடத்தில் தப்பியது என்று கேட்டுவிட்டுத்தான் நான் பிரம்பைத் தொடுவேன். என் விஷயத்தில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். சிதம்பரத்தில் சுப்புராயன் என்கிற குமாஸ்தாவுக்கு என்னை நிச்சயம் செய்திருந்தார்கள். தகப்பன் இல்லாத பிள்ளை. அம்மா விருத்தாம்பாள் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். ஆனியில் கல்யாணம். தாலிக்குப் பொன் உருக்குவது மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும். பிள்ளை வீட்டுப் பழம்பொன்னும் பெண் வீட்டுப் பழம்பொன்னும் ஒரே மூசைக் கிண்ணத்தில் உருகிக் கலந்தால்தான் தாலி தாலியாக இருக்கும் என்பது அவர்கள் வழக்கம். அந்த இடத்துக்குப் பெண் போகக்கூடாது. பெண்ணின் அப்பா மட்டும் போய், உட்கார்ந்து, பார்த்துவிட்டு வரவேண்டும்.

அந்த வருஷம் ஜனவரியிலேயே தங்கக் கட்டுப்பாடு வந்துவிட்டது. பதினாலு காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது. தட்டார் கடைகள் வரிசையாக மூடிக் கிடந்தன. பதினாலு காரட்டில் தாலி செய்து எந்த மாமியார் ஒப்புக்கொள்வாள்? அதனால் ராஜமாணிக்கப் பத்தரை வீட்டுக்கே வரவழைத்திருக்கிறார்கள். ஊதுகுழலையும் மூசையையும் கீரைக்கட்டுக்கு அடியில் ஒளித்து, காய்கறிப் பையில் கொண்டுவந்தாராம். தெருக்கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கூடத்தில் குமுட்டி அடுப்பை மூட்டினார்களாம். எங்கள் பங்கு, இறந்துபோன என் அம்மாவின் குண்டுச் சரத்திலிருந்து இரண்டு குண்டுகள். நானே நூலை அறுத்து எடுத்துக்கொடுத்தேன். அவர்கள் பங்கு, விருத்தாம்பாளின் பழைய கம்மல் ஒன்று.

பொன் உருகியது. பத்தர் வார்த்தார். ஆறவைத்து மஞ்சள் தடவி, தாம்பாளத்தில் எல்லோருக்கும் காட்டினார்கள். பிறகு வீட்டில் மூத்தவர் அதைப் பட்டடையில் வைத்து மூன்று தட்டு தட்டவேண்டும். சுப்புராயனின் பெரியப்பா சுத்தியலை எடுத்துத் தட்டினார். இரண்டாவது தட்டிலேயே அந்தப் பொன், என் அப்பா சொன்னபடி சொன்னால், வறுத்த வேர்க்கடலை மாதிரி இரண்டாகப் பிளந்தது. அப்பா வேர்க்கடலை மண்டியில் எடை போடுகிறவர். அவருக்கு அதுதான் தோன்றியது.

விருத்தாம்பாள்தான் முதலில் பேசியிருக்கிறாள். பெண் வீட்டுப் பொன் எங்கள் பொன்னோடு சேரமாட்டேன் என்கிறது என்று. அப்புறம் ஒரு ஜோசியரிடம் ஓடினார்கள். அவர் என் ஜாதகத்தைப் புரட்டி, கட்டியவன் நிலைக்கமாட்டான் என்றார். நிச்சயம் செய்யும்போது அதே ஜாதகத்தைப் பார்த்து ஒன்பது பொருத்தம் சொன்னவரும் அதே மனிதர்தான். பரிகாரம், வாழை மரம். வரும் புதனை விட்டு அடுத்த புதன்கிழமைக்கு நாள் குறித்தாயிற்று. மரத்துக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைத்து, மரம் எனக்குத் தாலி கட்டியதாகப் பாவித்து மஞ்சள் கயிற்றைப் போட்டு, உடனே மரத்தை வெட்டி, கயிற்றை அறுத்துத் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தச் சாவு வாழையோடு போய்விடுமாம். அதற்குப் பிறகு நான் சுப்புராயனுக்குக் கழுத்தை நீட்டலாம்.

அப்பா இதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அரை மணி நேர வேலைம்மா. ஊரு உலகத்துல செய்யாததா?” என்றார்.

ஒரு வாழை மரத்துக்கு நான் விதவையாக வேண்டும். அதுவும் சிதம்பரத்தில், அவர்கள் வீட்டுத் தோட்டத்தில், அவர்கள் சொந்தக்காரர்கள் சுற்றி நின்று பார்க்க. நான் அப்பாவிடம் கத்தவில்லை. சோற்றுப் பானையை இறக்கிவைத்த வேகத்தில் அதன் கழுத்தில் விரிசல் விழுந்துவிட்டது. அவ்வளவுதான்.

அடுத்த நாலைந்து நாள் நான் இருந்த இருப்பை நினைத்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது. படித்தவள், சம்பாதிக்கிறவள். ஆனாலும் கண்ணாடியில் என் நெற்றியை உற்று உற்றுப் பார்த்தேன். அம்மா செத்தது என்னாலோ என்றுகூட ஒரு பகல் முழுக்க யோசித்தேன். பொன் பிளந்ததை அப்பா கண்ணால் பார்த்திருக்கிறாரே, அவர் பொய் சொல்லமாட்டாரே என்று எனக்கு நானே எடுத்துச் சொல்லிக்கொண்டேன். ஒருத்தியை அவள் வாயாலேயே ராசியில்லாதவள் என்று சொல்லவைக்க நாலு நாள் போதும்.

சனிக்கிழமை அப்பாவின் துண்டைத் துவைக்க எடுத்தேன். முனையில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால் கடுகளவுக்கு ஒரு பொன் துணுக்கு. பிளந்தபோது கீழே சிதறியதாம். பொன்னை மிதிபட விடக்கூடாது என்று விரலை நனைத்து ஒற்றி எடுத்து முடிந்திருக்கிறார், பிறகு மறந்துபோயிருக்கிறார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் மஞ்சள். உடைந்த பக்கம் சாம்பல் நிறம், பொரபொரவென்று. பொன்னுக்குள் சாம்பல் நிறம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வி வந்ததுமே, நாலு நாளாகத் தொங்கிக் கிடந்த என் தலை நிமிர்ந்தது.

ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் நைனா முகம்மது பாய் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்து ரேடியோ அவரிடம்தான் கிடந்தது. அதை விசாரிக்கிற மாதிரி போய், துணுக்கை அவர் முன்னால் வைத்தேன். கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தார்.

“தங்கம் ஒடையாது டீச்சரம்மா. நசுங்கும், வளையும். இது ஒடஞ்சிருக்கு. இதுல ஈயம் பூந்திருக்கு” என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. மாசி மாதத்தில் அவர் மனைவி மெகருன்னிசாவின் காதணி ஒன்று தண்டு விட்டுப்போயிற்றாம். தட்டார் கடையெல்லாம் மூடியிருக்கிறதே, நம்மிடம்தான் ஈயக்கம்பி இருக்கிறதே என்று ரேடியோவுக்கு வைக்கிற ஈயத்தையே வைத்துப் பற்றவைத்துவிட்டார். பிறகு அதை அழித்து வேறு செய்ய உருக்கியபோது பொன் தூள் தூளாகப் போயிருக்கிறது. நகத்து நுனி அளவு ஈயம் போதும், ஒரு சவரனையே கெடுத்துவிடும் என்றார். “எங்க வூட்டுல இன்னும் திட்டு ஓயல. இந்த வருஷம் என்ன மாதிரி முட்டாள் ஜாஸ்தி டீச்சரம்மா. பாத்திரம் பத்தவைக்கிறவன்கிட்டகூட நகைய குடுக்கிறாங்க.” வெடியுப்புப் போட்டு மறுபடி உருக்கினால் ஈயம் எரிந்து கசடாக ஒதுங்கிவிடும், பொன் பழையபடி மெத்தென்று ஆகிவிடும், எந்தத் தட்டாருக்கும் இது தெரியும் என்றும் சொன்னார்.

எந்தத் தட்டாருக்கும் தெரியும் என்றால் ராஜமாணிக்கப் பத்தருக்கும் தெரியும். என் அம்மாவின் குண்டுகள் செய்த நாளிலிருந்து நெருப்பையே பார்க்காதவை. அப்படியானால் மிச்சம் இருப்பது அந்தக் கம்மல்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சிதம்பரம் போகிறேன் என்றேன். பெண் இப்படிப் போகலாமா என்று அப்பா ஆரம்பித்தார். தனியாகவே போகிறேன் என்று பையை எடுத்தேன். சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டே பின்னால் வந்தார். ரயில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போயிற்று. அப்பா ஒவ்வொரு ஸ்டேஷனிலும் திரும்பிவிடலாம் என்றார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பத்தர் வீட்டுக்குப் போனோம். வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. மனிதர் வாசலில் உட்கார்ந்து கூடைக்கு மூங்கில் சீவிக்கொண்டிருந்தார். பொன்னைத் தொட்ட கை மூங்கில் சீவுவதைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருந்திருக்கவேண்டும். இருக்கவில்லை. துணுக்கை நீட்டினேன். இது என்ன என்று கேட்டேன்.

அவர் அதை வாங்கவே இல்லை. ஒளிவு மறைவாகவும் பேசவில்லை. கம்மலைக் கையில் வாங்கும்போதே தண்டில் ஈயப் பற்று தெரிந்ததாம். சுரண்டிப் பார்த்தாராம், ஆனால் உள்ளே ஓடியிருந்திருக்கிறது. போனால் போகட்டும் என்று போட்டுவிட்டார். பிளந்தபோது சொல்லத்தான் வாயெடுத்தாராம். விருத்தாம்பாள் அவரை ஒரு பார்வை பார்த்திருக்கிறாள்.

“கதவ சாத்திக்கிட்டுச் செய்யுற வேல டீச்சரம்மா. அந்தம்மா ஒரு பெட்டிஷன் போட்டா நான் ஜெயிலுக்குப் போவணும். மூணு பொட்டப்புள்ள இருக்கு” என்றார்.

பயம் அவருக்கு, பழி எனக்கு. “ஒங்க மூணுல ஒண்ண வாழை மரத்துக்குக் கட்டுவீங்களா?” என்று கேட்டேன். மனிதர் அரிவாளைக் கீழே வைத்தார். உள்ளே போய்க் காய்கறிப் பையோடு வந்தார். கீரைக்கட்டு வாங்கக்கூட நிற்கவில்லை.

என்னைக் கண்டதும் விருத்தாம்பாளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பெண் இந்த நேரத்தில் வாசல்படி மிதிக்கலாமா என்றாள். மிதித்தாயிற்று என்றேன். கூடத்தில் பெரியப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு, பக்கத்துப் பகுதியில் குடியிருந்த சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். எல்லோரும் அன்றைக்குப் பொன் பிளந்ததைப் பார்த்தவர்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. சுப்புராயன் உள் அறை வாசலில் வந்து நின்று, என்னைப் பார்த்து, பிறகு அம்மாவைப் பார்த்தார்.

அந்தப் பொன்னைக் கொண்டுவாருங்கள், எல்லோர் முன்னாலும் இன்னொரு தரம் உருக்கவேண்டும் என்றேன். மறுபடியும் பிளந்தால் புதன்கிழமை வரை காத்திருக்காமல் இப்போதே தோட்டத்துக்கு வருகிறேன் என்றும் சொன்னேன். பெரியப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. விருத்தாம்பாள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். நாள் சரியில்லை என்றாள், கரி இல்லை என்றாள். பெரியப்பாவே எழுந்துபோய்க் கரி கொண்டுவந்தார்.

கதவைச் சாத்தினார்கள். அந்தக் கூடத்தின் வெக்கையில் நான் பத்தருக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மூசையில் இரண்டு துண்டும் கிடந்தன. பத்தர் ஊதினார். மஞ்சளாகச் சுழன்றபோது வெங்காரத்தோடு வெடியுப்பைப் போட்டார். சுர்ரென்று புகைந்தது. மேலே படிந்த கசடை ஒதுக்கினார், மறுபடி ஊதினார், மறுபடி போட்டார். மூன்று தரம். நெற்றி வியர்வை கண்ணுக்குள் வழிந்தும் அவர் துடைக்கவில்லை. அன்றைக்குச் செய்யாததற்கெல்லாம் சேர்த்து இன்றைக்குச் செய்கிறாரோ என்னவோ. கடைசித் தரம் மேலே ஒன்றும் படியவில்லை. வார்த்து ஆறவைத்துப் பட்டடையில் வைத்தார்.

பெரியப்பா ஒரு தட்டு தட்டினார். இரண்டு. மூன்று. பிறகு அவருக்கே வேகம் வந்து நாலு, ஐந்து என்று தட்டினார். பொன் அகலமாகிக்கொண்டே போயிற்றே தவிர ஓரத்தில்கூட ஒரு கீறல் விழவில்லை.

சொந்தக்காரப் பெண்களில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விருத்தாம்பாள் ஒரு நொடிதான் தடுமாறினாள். உடனே முகம் மலர்ந்துவிட்டது. அக்கினியிலேயே தோஷம் கழிந்துவிட்டது, இனி வாழை மரமெல்லாம் வேண்டாம், எல்லாம் என் குலதெய்வம் செய்தது என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மருமகளுக்கு எவ்வளவு தைரியம் என்று மற்றவர்களிடம் சொன்னாள். அப்பா இதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோருக்கும் எல்லாம் சரியாகிவிட்டது. என்னிடம் இல்லாத தோஷத்தை என்னிடமிருந்து கழித்துவிட்ட சந்தோஷம் அவர்களுக்கு.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று கையை உருவிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். சுப்புராயன் பின்னாலேயே வந்தார். நிச்சயம் ஆனதிலிருந்து நாங்கள் இருவரும் தனியாக நின்றது அப்போதுதான்.

“என் மேல கோவமா இருக்கீங்கன்னு தெரியுது” என்றார். “அந்தக் கம்மல பாத்திரம் பத்தவைக்கிறவன்கிட்ட எடுத்துட்டுப் போனது நான்தான். பத்தர் கடை மூடியிருந்துச்சு. அம்மா அவசரப்படுத்துனாங்க. பொன்னு பொளந்தப்பவே எனக்கு அதுதான் காரணமோன்னு தோணுச்சு.”

அவர் அதை நல்லவனாகத்தான் சொன்னார். மனசில் உள்ளதைக் கொட்டிவிட்ட நிம்மதிகூட அவர் முகத்தில் தெரிந்தது. அந்த நிம்மதியைப் பார்க்கப் பார்க்க எனக்கு வாய் கசந்தது. ஆறு நாளாகத் தெரியும். என்னை மரத்துக்குப் பேசி முடித்தபோது இவரும் அந்தக் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா நாலு பேர் முன்னால் தலை குனிய வேண்டாமே என்றுதான் என்றார்.

சரி, இப்போது உள்ளே வந்து அதே நாலு பேர் முன்னால் ஒரே ஒரு தரம் சொல்லுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம் என்றேன். நான் மனதாரத்தான் கேட்டேன். அவர் சொல்லியிருந்தால் அந்த மனிதரோடு நான் குடித்தனம் நடத்தியிருப்பேன். கல்யாணம் ஆகட்டும், அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார்.

நான் கூடத்துக்கு வந்தேன். அவரும் வந்தார். விருத்தாம்பாள் காப்பிக்குப் பால் எங்கே என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டே பேசினேன். இது தோஷம் இல்லை, கம்மலில் இருந்த ஈயம் என்றேன். பத்தர் தலையை ஆட்டி, ஆமாம், ஈயம்தான் என்றார். சத்தம் சின்னதாக இருந்தாலும் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். என் கம்மலில் ஏது ஈயம் என்று விருத்தாம்பாள் எகிறினாள்.

நான் அவளைப் பார்க்கவில்லை. சுப்புராயனைப் பார்த்தேன். “சொல்லுங்க. கம்மல பத்தவைக்க எடுத்துட்டுப் போனது யாரு?”

கூடம் முழுக்க அவரைப் பார்த்தது. அவர் தன் அம்மாவைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“எனக்கென்ன தெரியும்? நான் ஆபீசுக்குப் போறவன்” என்றார்.

கிணற்றடியில் அவர் சொன்னதை நான் அங்கே எடுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் இல்லை என்று சாதித்திருப்பார், அதையும் நான் நின்று பார்க்கவேண்டியிருக்கும். பத்தர் பக்கம் திரும்பி, எங்கள் இரண்டு குண்டின் எடை அவருக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்.

“அத வெட்டிக் குடுத்துடுங்க” என்றேன்.

பத்தர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. தாலிக்கு உருக்கிய பொன்னை வெட்டுவதா, இவள் பெண்ணா பேயா என்று விருத்தாம்பாள் வாசல்வரை கேட்கிற மாதிரி கத்தினாள். பத்தர் பொன்னை மறுபடி பட்டடைக்கு எடுத்தார். உளியை வைத்து ஒரே போடாகப் போட்டார். தராசில் நிறுத்தார். கொஞ்சம் குறைந்ததற்கு ஓரத்தில் இன்னும் ஒரு சீவல் வெட்டி வைத்தார். அதை நான் முந்தானையில் முடிந்துகொண்டேன். அது முழுக்க என் அம்மாவின் பொன் இல்லை, அந்தக் கம்மலும் அதில் கலந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதைப் பிரித்துக்கொடுக்க எந்தத் தட்டாராலும் ஆகாது.

திரும்பி வரும்போது ரயிலில் அப்பா கிள்ளை தாண்டியதும் அழ ஆரம்பித்தார். இனி யார் வருவார்கள், உன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று முனகிக்கொண்டே வந்தார். எனக்கும் தெரியவில்லை. அவர் மேலும் எனக்குக் கோபம்தான்.

முதுநகர் ஸ்டேஷனில் இறங்கியதும் மண்டியில் அப்பாவோடு வேலை பார்க்கும் லூர்துசாமி எதிரில் வந்தார். எங்கிருந்து வருகிறீர்கள், கல்யாணத்துக்கு நாள் வைத்தாயிற்றா, பத்திரிகை எப்போது என்று கேட்டார். நான் அப்பாவுக்கு முன்னால் பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையைத் தொட்டுத் தடுத்தார். துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தார்.

“இல்ல லூர்துசாமி. அந்தப் பையன் சரியில்ல. எம் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. நாங்கதான் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டோம்” என்றார்.

பிளாட்பாரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. இதே வார்த்தையை அவர் அந்தத் திங்கட்கிழமை அந்தக் கூடத்தில் சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் மட்டும் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.